மருதங்காட்டு அணியில் ஒரு காலியிடம்

மருதங்காடு சமஸ்தானம் ரொம்பச் சின்னது. அதன் ராஜா சொக்கலிங்கத் துரைக்கு இருந்த கால்பந்துப் பைத்தியமோ ரொம்பப் பெரியது. சம்பளம் கொடுத்துப் பத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்தார். பதினோராவது ஆள் அவரேதான். ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றாமல் முன்வரிசையில் நட்டநடுவே நிற்பார். கோல் அடிக்கிற இடம் அது.

அக்கம்பக்கத்து சமஸ்தானங்கள் வருஷா வருஷம் பந்தயம் நடத்தும். அந்த வருஷமும் மருதங்காடு கடைசி இடத்தில்தான் வந்தது. ஆட்டம் எல்லாம் ஓய்ந்தபிறகு புது ஆட்டக்காரர்களை ஒரு மைதானத்தில் கூட்டி நிறுத்துவார்கள். கடைசி இடத்தில் வந்தவர்கள் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது வழக்கம். "இந்த ஒரு காரியத்தில் நம்மை யாராலும் முந்த முடியாது" என்பார் ஆஸ்தான விகடகவி குழைக்காதர். ராஜாவின் காதில் விழாமல்தான்.

அன்று தர்பாரில் ராஜா கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தோற்றோம்? யாராவது சொல்லுங்கள்!"

திவான் சேஷகிரி ராவ் தொண்டையைக் கனைத்தார். "கோல்கீப்பர் சூசைதான் காரணம் மகாராஜா. பந்தை உள்ளே விட்டவன் அவன்தானே? அவனை அனுப்பிவிட்டு, முதல் ஆளாக என் மைத்துனனை எடுத்துக்கொள்ளலாம். பையன் நல்ல உயரம்."

உயரம் என்னவோ உண்மைதான். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான் என்பதை மட்டும் திவான் சொல்லவில்லை.

"சூசையை அனுப்பிவிடு" என்றார் ராஜா.

குழைக்காதருக்குப் பொறுக்கவில்லை. "அவசரப்படாதீர்கள் மகாராஜா. ஒருமுறை அணியை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே?"

திவான் இதற்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். "பேஷ்! விகடகவியே பார்க்கட்டும். எந்த இடத்தில் ஆள் சரியில்லை, அங்கே யாரைப் போடவேண்டும் என்று இதே தர்பாரில் சொல்லட்டும். சொல்லத் தவறினால் சமஸ்தானத்தை விட்டே போகட்டும்."

ராஜா தலையசைத்தார். ஆள் சரியில்லாத இடம் எது என்று வாசலில் நின்ற சேவகனுக்குக்கூடத் தெரியும். சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும்.

குழைக்காதர் மைதானத்துக்குப் போனார். இடது ஓரத்தில் ஆடும் வேலப்பனைப் பிடித்தார்.

"ஏனப்பா, கடைசி ஆட்டத்தில் கோல் திறந்து கிடந்ததே! நீ ஏன் பந்தைத் திருப்பி நடுவே தள்ளினாய்?"

"மகாராஜா கேட்டாருங்க. ராஜா கேட்டா எப்படிங்க இல்லேன்னு சொல்றது?"

சூசை தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். முகம் வாடிப்போயிருந்தது.

"ஐயா, நான் பிடிச்ச பந்தை யாரும் பார்க்கலை. விட்டதைத்தான் பார்த்தாங்க. பந்து நாள் முழுக்க நம்ம பக்கமே கெடந்தா ஒத்த ஆளு என்னதான் செய்வான்?"

"மூட்டையை அவிழ்த்து வை" என்றார் குழைக்காதர்.

மறுபடி தர்பார் கூடியது.

"சூசை எப்படி?" என்றார் ராஜா.

"அவன் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மடங்கு கோல் வாங்கியிருப்போம் மகாராஜா."

"பின்வரிசை?"

"மூச்சிரைக்க ஓடுகிறார்கள். குறை இல்லை."

"ஓரங்களில்?"

"வேலப்பன் மாதிரி ஆள் கிடைக்கமாட்டான்."

திவான் இதுதான் சமயம் என்று எழுந்தார். "அப்படியானால் நடுவில் நிற்பவரைப் பற்றி உம்முடைய அபிப்பிராயம் என்ன ஓய்?"

குழைக்காதர் பணிவாகக் கும்பிட்டார்.

"அதை நான் சொல்வதைவிட எதிராளி சொன்னால் அழகாக இருக்கும் என்று, நம்மை ஜெயித்த செம்பியூர் அணித்தலைவரையே கேட்டுவிட்டு வந்தேன். 'ஐயா, யாரை வேண்டுமானாலும் மாற்றுங்கள். உங்கள் மகாராஜாவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்!"

ராஜா பெருமையாக மீசையைத் தடவினார். தடவிய கை பாதியில் நின்றது.

"செம்பியூர்க்காரன் எதற்காக அப்படிக் கெஞ்சினான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும் மகாராஜா?"

எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"சரி" என்றார் ராஜா, குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எல்லா இடமும் சரி என்கிறீர். காலியிடமே இல்லையா?"

"ஒன்று இருக்கிறது மகாராஜா. ஆட்டம் நடக்கும்போது எல்லா ராஜாக்களும் பந்தலில் வெள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாற்காலியில் மட்டும் ஆளில்லை. ஜனங்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறார்கள். நானும் சமஸ்தானம் முழுக்கத் தேடிவிட்டேன். அந்த இடத்துக்குப் பொருந்துகிறவர் ஒரே ஒருவர்தான்."

ராஜா அவரையே முறைத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது. தலைப்பாகை கழன்று மடியில் விழும்வரை சிரித்தார்.

"கெட்டிக்காரர் ஓய் நீர்! சூசை இருக்கட்டும். முதல் ஆளாக, கோல் அடிக்கத் தெரிந்த ஒருவனைப் பொறுக்கி எடும். திவான் மைத்துனன் உயரமாக இருக்கிறானே, பந்தலுக்குத் தோரணம் கட்டட்டும்."

விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதரிடம் கொடுத்தார். கொடுத்தவர் சின்னப்பிள்ளைபோல மெதுவாகக் கேட்டார்.

"நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கை தட்டலாமில்லையா?"

"தாராளமாகத் தட்டலாம் மகாராஜா. பந்தை மட்டும் கேட்காதீர்கள்."