தலைவரைக் கூட்டி வா

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், வாக்குக் கொடுப்பதில் பிரியமுள்ள ராஜா ஒருவர் இருந்தார். கணவாய்ப் போரில் ஜெயித்து வந்த கையோடு, அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு வைத்தியசாலை கட்டினார். "எனக்கு எந்த வைத்தியமோ, என் சிப்பாய்க்கும் அதே வைத்தியம். அணுவளவும் வேறுபடக் கூடாது" என்று வாசலில் கல்லில் வெட்டச் சொன்னார். வெட்டியாயிற்று. ராஜாவும் மறந்தாயிற்று.

வைத்தியசாலைக்கு அதிகாரியாக வந்தவர் பூதலிங்கனார். போலிகள் நுழைந்துவிடுவார்களாம், அதனால் ஒரு விதி போட்டார். காயம் போரில்தான் பட்டது என்று அந்தச் சிப்பாயின் படைத்தலைவர் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடையாது. முன்னால் நின்ற தலைவர்களில் முக்கால்வாசிப் பேர் கணவாயிலேயே செத்துப்போனது அந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தால் என்ன, படுக்கை விரிப்புகள் கசங்காமல் இருந்தனவே!

அரசவை விகடகவி சீராளனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவன் மனைவியின் தம்பி மருதையனுடைய தொடையில் அம்புமுனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டுக்கும் வைத்தியசாலை வாசலுக்குமாக நடந்து நடந்து இப்போது சீழும் வைத்துவிட்டது.

"தலைவரைக் கூட்டிட்டு வாங்கறாங்க அத்தான். அவரக் குழியில இறக்குனதே நான்தானே? எங்கேர்ந்து கூட்டிட்டு வருவேன்?" என்றான் மருதையன். காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது.

"கால் கருத்துக்கிட்டே வருதுங்க. இன்னும் விட்டா தம்பி நமக்கில்ல" என்று சீராளனின் மனைவி அழுதாள்.

சீராளன் செருப்பைக்கூட மாட்டாமல் அரண்மனைக்கு ஓடினான். சபையில் பூதலிங்கனார் குனிந்து வணங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிரபு, தங்கள் ஆட்சியில் நோயே ஒழிந்தது. வைத்தியசாலையில் ஒரு படுக்கையிலும் ஆள் இல்லை." ராஜா குளிர்ந்துபோனார். சீராளன் தூணுக்குத் தூண் நடந்தான்.

"சீராளா, உன் காலில் சக்கரமா கட்டியிருக்கிறது?" என்று ராஜா கேட்டார்.

"மகாராஜா, என் மைத்துனன் மருதையனின் தொடையில் அம்பு இருக்கிறது. சாட்சி சொல்லத் தலைவர் உயிரோடு இல்லை. உள்ளே விடாத இடத்தில் நோயாளி எப்படி இருப்பான்?"

பூதலிங்கனார் வெகுநாளாக இவனைத் துரத்த வழி பார்த்துக்கொண்டிருந்தவர். "அப்படியானால், விதி ஒன்றையும் மீறாமல், நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்த மருதையனை உள்ளே படுக்கவைத்துக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார். ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம் சாப்பிடுவதுபோல. "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

ராஜாவுக்கு முழங்கால் வலி உண்டு. அதே போரில் குதிரையிலிருந்து விழுந்தது. விடிந்ததும் அரண்மனை வைத்தியர் வந்து தைலம் தேய்த்தால்தான் கட்டிலைவிட்டு எழுவார். மறுநாள் வைத்தியர் தைலக் கிண்ணத்தோடு வந்தபோது, ராஜாவின் அறைவாசலில் சீராளன் குறுக்கே படுத்திருந்தான். காவலர் இருவரும் கணவாயில் அடிபட்டவர்கள். அவர்கள் பாட்டுக்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தைலம் எங்கே?" என்று உள்ளேயிருந்து ராஜா கத்தினார்.

"வாசலில்தான் இருக்கிறது, மகாராஜா. தங்கள் முழங்காலில் அடிபட்டது போரில்தான் என்று தங்கள் தலைவர் வந்து சத்தியம் செய்துவிட்டால் உடனே உள்ளே வந்துவிடும்."

"எனக்கு ஏதடா தலைவன்? எனக்கு மேலே யாருமில்லை!"

"மருதையனுக்கும் அதே கஷ்டந்தான். மேலே இருந்தவர் இப்போது இல்லை. இருவருக்கும் ஒரே வைத்தியம் என்று கல்லில் வெட்டச் சொன்னது தாங்கள். நான் அணுவளவும் மாற்றமாட்டேன்."

ராஜா எழப் பார்த்தார். முழங்கால் சுரீரென்றது. "ஐயோ! கூப்பிடு பூதலிங்கத்தை!"

பூதலிங்கனார் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே ஓடிவந்தார். ராஜா துடிப்பதைக் கண்டதும் பதறிப்போனார்.

"விலகு மூடா! பிரபுவின் கால் வீங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்குச் சாட்சி எதற்கு?"

சீராளன் எழுந்து நின்றான். "கேட்டீர்களா மகாராஜா? கண்ணுக்குத் தெரிந்தால் சாட்சி வேண்டாமாம். விதி போட்டவரே எடுத்துவிட்டார். தங்களுக்கு இல்லாத விதி சிப்பாய்க்கும் இல்லைதானே?"

ராஜா முதலில் முறைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. வலியும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஆமாம், விதி போய்விட்டது. வைத்தியரே, முதலில் அந்த மருதையனைப் பாரும். நான் காத்திருக்கிறேன்" என்றார்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே மருதையன் வைத்தியசாலைப் படுக்கையில் இருந்தான். அம்புமுனை வெளியே வந்தது. உயிருக்குப் பயமில்லை, நொண்டல் மட்டும் போகாது என்றார் வைத்தியர். சேதி தெருத்தெருவாய்ப் பரவியது.

மாலையில், மருதையனோடு வைத்தியசாலையில் இருந்த சீராளனுக்கு முத்துமாலை போட வந்த ராஜாவின் பல்லக்கால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கட்டைக்காலும் தொங்கும் கையும் கட்டுப்போட்ட கண்ணுமாக எங்கு பார்த்தாலும் சிப்பாய்கள். ராஜா வாசலுக்கு வந்த சீராளனுக்கு மாலையைப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இத்தனை பேரும் இதுவரை எங்கே இருந்தார்கள்?"

"இதே வாசலில்தான், மகாராஜா. பூதலிங்கனார் படுக்கைகளை மட்டும்தான் பார்த்தார்."

இந்தமுறை ராஜா சிரிக்கவில்லை. பல்லக்கைவிட்டு இறங்கினார். எழமுடியாமல் கிடந்த ஒரு சிப்பாயை அதில் ஏற்றச் சொன்னார். பல்லக்கின் முன்தண்டைப் பூதலிங்கனார் தோளில் வைக்கச் சொன்னார். வாசலில் இருந்த கடைசி ஆளும் உள்ளே போய்ச் சேரும்வரை அவர் தோளிலிருந்து அதை இறக்க விடவில்லை.