வாழைக்கு அடியில் ஓடிய கேபிள்

"அந்தக் கேபிளைப் பிடுங்கிப் போட்டாத்தான் சரிப்படும், சாமி" என்றார் குழந்தைவேலு.

மடத்துத் தலைவரான அடிகள் நிமிர்ந்து பார்த்தார்.

குழந்தைவேலு மடத்துக்கு வருவதற்கு முன் தென்காசியில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போட்டவர். துறவுக்கு வந்த பிறகும் மைக் செட் அவரை விடவில்லை. சாயங்காலப் பிரசங்கத்தை ஒலிபரப்புவதும் பதிவு செய்வதும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் கண்ணை மூடித் தேடுவதை இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினார். அடிகளின் குரல் காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அடிகள் வெளியூர் போயிருந்த சமயத்தில் ஒலி அறையைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். மண்டபத்திலிருந்து அங்கே போகப் புதிதாக ஒரு டிஜிட்டல் கேபிள் இழுத்து, வாழைகளுக்கு அடியில் புதைத்தார்கள். நல்ல நீளம்.

திரும்பி வந்த அடிகளிடம் இரண்டு புதுப் பழக்கங்கள் தெரிந்தன. பிரசங்கம் தவிர மற்ற நேரத்தில் வாயே திறப்பதில்லை. தமக்கு உயிரான முறுக்கைக் கையாலும் தொடுவதில்லை.

யாரும் காரணம் கேட்கவில்லை. புது விரதம் என்று முடிவு கட்டி, மடமே முறுக்கை விட்டுவிட்டது. அடுக்களை பார்க்கும் சௌந்தரம் மட்டும், "சுட்டு வச்சதை யார் தலையில கொட்ட?" என்று முணுமுணுத்தபடி டின்னைப் பரண்மேல் ஏற்றினாள்.

"உங்க குரல் மழுங்கி வருது, சாமி. 'ச' வர்ற இடத்துல எல்லாம் புஸ்ஸுனு காத்துப் போகுது. கேபிள் நீளமாயிட்டதுதான் காரணம்" என்றார் குழந்தைவேலு.

"டிஜிட்டல்தானே?" என்றார் அடிகள்.

சாமி தன்னிடம் பேசிவிட்டாரே என்று குழந்தைவேலு ஓரடி முன்னால் வந்தார்.

"ஆமா, சாமி. குரல் அதுக்குள்ள எண்ணா மாறித்தான் போகுது."

"நீளம் கூடினா மழுங்குமா?"

குழந்தைவேலு தலையைச் சொறிந்தார். "மழுங்கக் கூடாது. ரொம்ப நீண்டு போச்சுன்னா விட்டு விட்டு வரும், இல்லைன்னா அடியோட நின்னுடும். வந்தா முழுசா வரணும். இதெல்லாம் தெரியும், சாமி. தெரிஞ்சு என்ன செய்ய? காதுக்கு மழுங்கித்தானே கேக்குது!"

அடிகள் எழுந்து வந்தார். குழந்தைவேலுவின் காதோரம் குனிந்தார்.

"சாயங்காலம் சோறு, ரசம், சேனைக்கிழங்கு" என்றார். "இப்போ கேபிள் எவ்வளவு நீளம்?"

குழந்தைவேலுவின் முகம் வெளிறிப்போயிற்று. இங்கே கேபிளே இல்லை. ஆனாலும் அதே புஸ்.

"அப்போ... என் காதா, சாமி?"

குழந்தைவேலு தன் காதைத் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. எல்லார் பேச்சுலயும் கூர் போச்சுன்னுதான் முதல்ல சொன்னாரு. கடைசியில நாங்க தொண்டை கிழியக் கத்தினாலும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு."

இத்தனை நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தது இந்தப் பயத்தை மூடி வைக்கத்தான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. காது போய்விட்டால் இந்த மடத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? அடிகள் கண்ணெதிரே உட்கார்ந்து பேசுவார், இவர் சிரித்துக்கொண்டே பார்த்திருக்க வேண்டியதுதான்.

"போன வருஷப் பதிவு ஒண்ணை சௌந்தரம் இங்கேருந்து போடட்டும். நீங்க உங்க அறைக்குப் போய்க் கேளுங்க" என்றார் அடிகள்.

"எந்தக் கேபிள்ல, சாமி?"

"அதே கேபிள்லதான்."

குழந்தைவேலு தோட்டத்தைக் கடந்து போனார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார்.

போன வருஷத்து அடிகள் பேசினார். ஒவ்வொரு 'ச'வும் அரிவாள்மணையில் நறுக்கினது மாதிரி வந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மண்டபத்துக் கூரையில் அணில் கத்தியது. ஒன்று விடாமல் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றாமலே குழந்தைவேலு ஓவென்று அழுதார். அப்பாடா என்று வந்த அழுகை அது.

அழுது முடித்ததும் யோசனை வந்தது. அவர் வேகமாக மண்டபத்துக்குத் திரும்பினார்.

"கேபிள் நல்லா இருக்கு, சாமி. என் காதும் நல்லா இருக்கு. அப்படின்னா..."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அடிகளின் முகத்தைப் பார்த்தார். மீசையும் தாடியும் சேர்ந்து வாயை மூடியிருந்தன.

அடிகள் அக்கம்பக்கம் பார்த்தார். வாசலில் சௌந்தரத்தைத் தவிர யாரும் இல்லை. பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றி, டம்ளருக்குள் போட்டார்.

"வெளியூர்ல கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து மறைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் பொக்கை வாயோடு. "நாக்கு இன்னும் இதுக்குப் பழகல. வெக்கமா இருந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியலைன்னு நினைச்சேன்."

"ஒருத்தருக்கும் தெரியல, சாமி."

"உங்க காது விடலையே!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அடிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பது அவர் தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது.

"அப்போ முறுக்கு?" என்றாள் சௌந்தரம்.

"விரதம்னு நான் சொன்னேனா?"

அவள் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் பரணிலிருந்து டின்னை இறக்கி வந்தாள். குழந்தைவேலு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். மண்டைக்குள் சட்டென்று நொறுங்கியது.

"கேக்குதா?" என்றார் அடிகள், முறுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு காதுலயும், சாமி."