துண்டுக்குள் இரண்டு கற்கள்

குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் ஏகாம்பரம் அறுபதை நெருங்குகிறார். மாட்டுத் தரகர். சந்தை இல்லாத நாட்களில் ஆற்றங்கரைக் குடிலுக்கு வருவார். குரு பேசுவதைக் கொஞ்சம் கேட்பார், மீதி நேரம் சண்டை பிடிப்பார்.

அன்று வரும்போதே கோபம். காலில் செருப்பும் இல்லை.

"சாமி, இன்னிக்கு எனக்குக் கதை வேணாம். ஒரே பதில். ஆமாவா, இல்லையா. பேரமே கிடையாது."

"கேளுங்க."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு செத்துப் போச்சே, அதோட புள்ள இலக்கியா. பொங்கல்ல இருந்து எங்க வீட்டுலதான் கிடக்கு. சொந்தம்னு ஒரு நாதி எட்டிப் பார்க்கல. இன்னிக்குக் காப்பகத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க. நீங்க வளர்க்கறீங்களா, நாங்க கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேப்பாங்க. என் வீட்டுக்காரி வளர்க்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"புள்ள என்ன சொல்லுது?"

"அது என்னத்த சொல்லும்? நான் வெளிய போகக் கூடாதாம். காலையில செருப்ப ஒளிச்சு வச்சிருச்சு. வெறுங்காலோட வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குப் புள்ள இல்ல சாமி. இல்லன்னா இல்லதான். என் வம்சம் என்னோட முடியுது. ஊரார் பெத்தத கொண்டாந்து வச்சா அது நீண்டுடுமா?"

குரு ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். ஏகாம்பரத்துக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்கதானே சொன்னீங்க, நமக்கு முன்னால இந்தக் கரையில வேற மாதிரி மனுஷங்க இருந்தாங்கன்னு."

"ஹோமோ எரெக்டஸ்னு பேரு. பத்து லட்சம் வருஷத்துக்கும் முந்தி. நம்மள மாதிரியே நிமிர்ந்து நடந்தவங்க."

"இப்ப எங்க?"

"ஒருத்தரும் இல்ல."

"நாம அவங்க பேரப் புள்ளைங்களா?"

"அவங்க பெரிய கூட்டம். ஆப்பிரிக்காவுல இருந்த ஒரு கிளைதான் மாறி மாறி நாம ஆச்சுன்னு சொல்றாங்க. இந்தப் பக்கம் வந்தவங்களோட வழி அத்துப் போச்சுன்னு நினைக்கிறாங்க."

"பார்த்தீங்களா!" ஏகாம்பரம் தொடையில் அறைந்தார். "பூண்டோட போச்சு. என் கதையும் அதேதான். அவங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

குரு எழுந்து உள்ளே போனார். வரும்போது மடியில் எதையோ மறைத்திருந்தார். ஏகாம்பரத்தின் தோளில் கிடந்த துண்டை உருவித் தன் கைமேல் போட்டுக்கொண்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலும் விரலும் பேசும். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"கைய விடுங்க."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாடு எங்க சாமி?"

"மாடு செத்து ரொம்ப காலமாச்சு."

கை உள்ளே போனது. அங்கே விரல் இல்லை. கல் இருந்தது.

"அந்தப் பழைய மனுஷங்க செஞ்ச கல்லு. எதிராளி கையத் தொட்டே ஆள எடை போடுவீங்களே. போடுங்க."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"உடைச்ச கல்லு. அடியில உருண்டை, முனையில கூர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கியிருக்கான். அட, பெருவிரலுக்குன்னே இடம் விட்டிருக்கான்! பெரிய கைக்காரன் சாமி. இவன்கிட்ட பேரம் படியாது."

"ஏன்?"

"மனசுல ஒண்ண முடிவு பண்ணிட்டுத்தான் முதல் அடியே அடிச்சிருக்கான். அசைய மாட்டான்."

"இன்னொண்ணு இருக்கு, பாருங்க."

கை நகர்ந்தது. ஏகாம்பரம் மூக்கைச் சுளித்தார்.

"இது கத்துக்குட்டி. சின்னக் கல்லு. அடிச்ச இடத்துலயே அடிச்சு மழுக்கி வச்சிருக்கு. ஆனா விடல பாருங்க. திருப்பிப் போட்டு இந்தப் பக்கம் ரெண்டு சில்லு சுத்தமா எடுத்திருக்கு. யாரோ கையப் பிடிச்சுக் காட்டியிருக்கணும். நானும் இப்படித்தான். முதல் சந்தையில கன்னியப்பர் துண்டுக்குள்ள என் விரலப் போட்டு நசுக்கினாரு பாருங்க, 'இப்படிப் பிடிடா முட்டாப் பயலே'ன்னு..."

"கன்னியப்பர் உங்க அப்பாவா?"

"எனக்கு அப்பன் முகமே தெரியாது. சந்தையில எச்சில் இலை பொறுக்கிட்டுக் கிடந்தவன். அந்த ஆளுதான் சோறு போட்டு..."



 குரு கேட்டார். "அந்தக் கத்துக்குட்டி, பெரிய கைக்காரன் பெத்த புள்ளையா, வேற யாரோ பெத்ததா? தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

துண்டுக்கு அடியில் விரல்கள் வெகுநேரம் தடவின.

"அது எப்படி சாமி கல்லுல தெரியும்?"

குரு துண்டை எடுத்து உதறி, அவர் தோளிலேயே போட்டார்.

ஏகாம்பரம் எழுந்து சற்றுத் தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். தள்ளிப் போனதில் பயனில்லை, அவர் குரல் அப்படி.

"கனகு, வந்துட்டாங்களா? உட்கார வச்சு காபி குடு. நான் வந்துட்டே இருக்கேன். புள்ள துணியெல்லாம் பையில எடுத்து வைக்கச் சொன்னேனே, அதப் பிரிச்சு அலமாரியில அடுக்கு. ஆமா. ஆமான்னுதான் சொல்றேன், காது கேக்கலையா? இப்ப எதுக்குடி அழுவுற?"

வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஆனால் நகரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"சாமி, அந்த ரெண்டு கல்லும் எங்கெங்க கிடைச்சுது?"

"மழையில கரை சரிஞ்சப்ப, ஒரே இடத்துல. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடந்துச்சு."