வெற்றிச்செழியன் நிறுத்திய லாரி

“நாற்பத்தொரு வண்டி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டிய வண்டி மட்டும் அதில் இல்லை” என்றார் வெற்றிச்செழியன்.

சாந்தாமணி தகட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உட்காருங்க ஐயா.”

“உட்கார நேரமில்லை. இருபதாம் தேதி விழா.”

அவருக்கு எழுபத்தாறு வயது. அவளுக்கு நாற்பது தாண்டியிருக்காது. திருச்செங்கோட்டுச் சாலையில், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் அவளுடைய தகரக் கொட்டகை. பழைய ராணுவ வண்டிகளை அச்சு அசலாக, இரண்டு கைக்குள் அடங்கும்படி செய்வாள். அப்படிப்பட்ட வண்டிகளைச் சேர்ப்பவர்கள் பம்பாயிலிருந்துகூட வந்து காத்திருப்பார்கள்.

அவர்கள் அவளை டீச்சர் என்றார்கள். அவள் யாரிடமும் படம் வாங்குவதில்லை. வண்டி கேட்டவரே பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லவேண்டும். சொல்லிக்கொண்டே பாதி வேலையைத் தன் கையாலும் செய்யவேண்டும்.

“என்ன வண்டிங்க?”

“மூன்று டன் லாரி. இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தின்போது எங்கள் ஊருக்குள் ராணுவம் வந்தது. முதல் வண்டிக்குக் குறுக்கே படுத்தேன். நின்றது.”

“எவ்வளவு பக்கத்துலங்க?”

“பம்பர் என்னைத் தாண்டிவிட்டது. முன்சக்கரம் இங்கே பட்டு நின்றது.” விலாவைத் தொட்டுக் காட்டினார்.

வெற்றிச்செழியன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அந்தச் சாலையிலிருந்து எழுந்த பிறகு அவரே வைத்துக்கொண்டது. அன்று அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். இருவர் அமைச்சர்களானார்கள். அவருக்குச் சால்வைகள் வந்தன.

அவர் அந்த லாரியை, சின்ன மாதிரியாகவாவது கிடைக்குமா என்று, தேடினார். தேடிப் போன இடங்களிலெல்லாம் வேறு ஏதோ கிடைத்தது. கையளவில் ஒரு ஜீப், ஓர் ஆம்புலன்ஸ், ஒரு தண்ணீர் வண்டி, துருப்பிடித்த நம்பர் பலகை, ஒரு ஹாரன். எல்லாவற்றையும் வாங்கி வீட்டை நிறைத்தார். ஒன்றுகூட அதுவல்ல.

போன மாதம் ஒரு கூட்டத்தில், புதிதாகப் பதவிக்கு வந்த ஒருவன் மைக்கைப் பிடித்து, “அந்த லாரி ரிப்பேராகித்தான் நின்றதாமே ஐயா?” என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த பழைய தோழர்களும் சிரித்தார்கள்.

“இருபதாம் தேதி அதே மேடையில் அந்த வண்டியை வைக்கவேண்டும்” என்றார். “கீழே ‘வெற்றிச்செழியன் நிறுத்திய லாரி’ என்று பலகை. இதைத் தவிர எனக்கு வேறு சொத்து இல்லையம்மா.”

சாந்தாமணி ஒரு மணையை அவர் பக்கம் தள்ளினாள். அரத்தைக் கையில் கொடுத்தாள்.

“சக்கரத்தை ராவுங்க.”

ஐந்து நிமிடம் ராவுவார். எழுந்து வாசல்வரை போவார். திரும்பி வருவார்.

“ஏம்மா, முகப்பை முதலில் செய்யேன். பார்ப்பவர்கள் அதைத்தானே பார்ப்பார்கள்?”

“உங்களுக்கு எது நல்லாத் தெரியும்?”

யோசித்தார். “அடிப்பக்கம்.”

சொன்னார். அச்சு எங்கே வளைந்திருந்தது, எந்த போல்ட் இல்லாமல் கம்பி சுற்றியிருந்தது, எண்ணெய் எந்த மூலையிலிருந்து சொட்டியது. சாந்தாமணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“பம்பாய்க்காரங்களுக்கு மேல்பூச்சு என்ன கலருன்னு சுத்தமாத் தெரியும். அடியில என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்க.”

“அவன் எவனும் அங்கே படுத்ததில்லை” என்றார் வெற்றிச்செழியன். அன்று அரைமணி நேரம் எழாமல் வேலை செய்தார்.

ஐந்தாம் நாள் கேபினுக்கு வந்தார்கள்.

“உள்ள எப்படிங்க இருந்துச்சு?”

“நான் கீழே கிடந்தேன். உள்ளே எப்படிப் பார்ப்பது?”

“எந்திரிச்சப்ப?”

“நான் எங்கே எழுந்தேன்? போலீஸ்காரர்கள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.”

“நிக்கறப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?”

“முழக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன கேட்கும்?”

எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பினார். இன்னும் நான்கே நாள்.

சாந்தாமணி கேட்டாள். “அந்த ஆளு சொன்னாப்பல, ரிப்பேராகித்தான் நின்னுச்சுங்களா?”

அவர் முகம் கறுத்தது.

“நீயுமா? எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு இன்னும் இந்தக் கன்னத்தில் இருக்கிறது. ஒரு நொடிகூட அது அடங்கவில்லை.”

“அப்புறம் எப்படிங்க நின்னுச்சு?”

“என்னைப் பார்த்து நின்றது.”

ஐம்பத்தெட்டு வருடமாக மேடைகளில் சொல்லிவந்த வாக்கியம். சொன்னதும் கைதட்டல் வரும். கொட்டகையில் தகடு வெட்டும் சத்தம்தான் வந்தது.

அவள் ஒரு சின்னத் தகட்டுத் துண்டையும் இடுக்கியையும் நீட்டினாள்.

“பிரேக் மிதி. இதை நீங்களே செஞ்சிருங்க.”

செய்தார். அரிசி அளவுதான் இருந்தது. மூன்றுமுறை கெட்டது. நான்காவதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

“எப்படி வெக்கட்டுங்க? எழும்பி இருக்கட்டுங்களா, அமுங்கி இருக்கட்டுங்களா?”

“எப்படி வைத்தால் என்ன? யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?”

“எழும்பி இருந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தமுங்க. நீங்க இங்க வந்து உட்கார்ந்திருக்க மாட்டீங்க.”

வெற்றிச்செழியன் அந்தக் குட்டிக் கேபினுக்குள் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பக்கத்துப் பட்டறையில் யாரோ கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்து முடித்தார்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அமுங்கித்தான்” என்றார். “அடிவரைக்கும் அமுங்கி.”

அவள் மிதியை வாங்கி, அடிவரைக்கும் அமுக்கி, ஈயம் வைத்து ஒட்டினாள். பிறகு தகர டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஈயத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இது எதற்கு?”

“அமுங்கி இருந்தா மேல ஒரு காலு இருந்திருக்கணுமுங்களே. வண்டி ஓட்டுன ஆளு எப்படி இருந்தாருன்னு சொல்லுங்க, செய்யலாம்.”

“ஆளா? யாரோ ஒரு சிப்பாய்.”

“யாரோ ஒரு சிப்பாயின்னா எனக்குச் செய்யத் தெரியாதுங்க ஐயா” என்றாள் சாந்தாமணி. “அவருக்கு என்ன வயசு இருக்கும்?”