மடையில உக்காந்த பூதமும் ஒப்புக்குச் சப்பாணியும்

காலை மடக்கிப் படு, என் மேல போடாதே. ம். ஒரு ஊர்ல ஒரு ராக்கு இருந்தா. உன் உசரம்தான் இருப்பா, ஆனா உன்னை மாதிரி மூக்கு ஒழுகாது. விளையாட்டுன்னா அவளுக்குச் சோறே வேணாம். ஆனா ஊர்ப் பிள்ளைங்க அவளைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. "நீ சின்னவ, ஒப்புக்குச் சப்பாணி"ன்னுடுவாங்க. அப்படின்னா என்ன தெரியுமா? ஆட்டத்துல இருக்கலாம், ஓடலாம், ஆனா தோத்தாலும் தோல்வி இல்ல, ஜெயிச்சாலும் ஜெயிப்பு இல்ல. சும்மா பேருக்கு. ராக்குவுக்கு அழுகை அழுகையா வரும். ஆனாலும் மறுநாள் முதல் ஆளா போய் நிப்பா.

அப்புறம் என்னாச்சு, அந்த ஊர் ஏரிக்கு ஒரு பூதம் வந்துச்சு. தொம்... தொம்...னு நடந்து வந்து, நேரா மடைவாய்ல, அதான் வயலுக்குத் தண்ணி போற ஓட்டை, அதுல பொத்துன்னு உக்காந்துச்சு. அதோட பின்பக்கம் இருக்கே, அதுதான் அடைப்பு! சிரிக்காதே, தூக்கம் போயிடும். சொட்டுத் தண்ணி வரல. ராக்குவோட அம்மா நட்ட நாத்தெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அம்மா வரப்புல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ராக்குவுக்கு மனசு கேக்கல. ம் சொல்லு.

ம்.

முதல்ல போனாரு மலையப்பன். ஊர்லயே பெரிய பயில்வான். மீசையை முறுக்கி, தொடையைத் தட்டி, "எழுந்திருடா!"ன்னாரு. பூதத்துக்குக் கோவம் வந்துடுச்சு. ஊஊஃப்னு ஒரு ஊது! பயில்வான் பறந்து போய் வைக்கோல் போர்ல தலைகீழா சொருகிக்கிட்டாரு. பூதம் இன்னும் அழுத்தி உக்காந்துக்கிச்சு.

அப்புறம் போனாரு சடையாண்டி. கூத்துல கோமாளி வேஷம் கட்டுறவரு. ஜிங்கு ஜிங்குன்னு ஆடினாரு, குட்டிக்கரணம் போட்டாரு. பூதம் கெக்கெக்கேன்னு சிரிச்சு, "இன்னொண்ணு!"ன்னுச்சு. கொஞ்சம் எழுந்துக்கறீங்களான்னு கேக்க வாயெடுப்பாரு, பூதம் மூஞ்சியைச் சுளிக்கும், உடனே பயந்துபோய் இன்னொரு கரணம் போட்டுடுவாரு. சாயங்காலம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாரு. தண்ணி மட்டும் வரல.

அப்போ ராக்கு கிளம்பினா. "நீ எங்கடி போறே?"ன்னா அம்மா. "விளையாட"ன்னா. ஏரிக்கரையில நின்னு, "ஏய் பூதம், ஓடிப் பிடிச்சு விளையாடலாம், வரியா?"ன்னு கேட்டா.

பூதத்தை ஜென்மத்துல யாரும் விளையாடக் கூப்பிட்டதில்ல. காது ரெண்டும் படபடன்னு ஆடுச்சு. "வரேன். ஆனா எழுந்துக்க மாட்டேன்."

"எழுந்துக்காம எப்படி ஓடுவே? சரி, போனாப் போகுது. நீ ஒப்புக்குச் சப்பாணி."

"என்னது? நானா? இவ்வளவு பெரிய நானா?"

"உக்காந்தே இருந்தா அதுதான்"னா ராக்கு. அந்த வார்த்தை எங்கே குத்தும்னு அவளுக்குத் தெரியாதா!

"பிடிக்கிறேன் பாரு!"ன்னு பூதம் எழுந்துச்சு பாரு, சளார்ர்ர்னு தண்ணி பிச்சுக்கிட்டுப் போச்சு! ராக்கு புளியமரத்தைச் சுத்தி ஓடினா, பூதத்தோட கால் நடுவுல பூந்து ஓடினா. பூதம் மூச்சு வாங்கிப் போய், உக்காரலாம்னு மடைக்குத் திரும்புச்சு. பாத்தா, அங்க மடைக்கல்லு மேல காலை அகட்டிக்கிட்டு ராக்கு நிக்கிறா!

"தள்ளு"ன்னுச்சு பூதம். "மாட்டேன்"னா.

உர்ர்ர்ன்னு உறுமுச்சு. அவ சடை பிரிஞ்சு போச்சு. "மாட்டேன்."

தொம்முனு தரையை மிதிச்சுது. அவ காலை இன்னும் அழுத்தி ஊனிக்கிட்டா. "மாட்டேன்."

அப்போ பூதம் உதட்டைப் பிதுக்கிக்கிச்சு. "போ, உன்கூட நான் காய்"னுச்சு. அங்கதான் ராக்குவுக்குக் கஷ்டமா இருந்துச்சு. இப்பத்தான் ஒரு கூட்டாளி கிடைச்சுது, அதுவும் போயிடுமே! ஆனாலும் சொன்னா: "காய் விட்டுக்கோ. நாளைக்கு வந்து பழம் விடு, விளையாடலாம். ஆனா இது எங்க அம்மா வயலுக்குப் போற தண்ணி. இந்த இடத்தை மட்டும் விடமாட்டேன்."

பூதம் அவளைக் குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் தொம்... தொம்...னு கரையேறிப் போயிடுச்சு.

கீழே வயல்ல அம்மா, "தண்ணி வந்துடுச்சு! என் ராக்கு கொண்டாந்துட்டா!"ன்னு கத்தின கத்துல கொக்கெல்லாம் பறந்துச்சு. ஊரே ஓடி வந்து அவளைத் தோள்ல தூக்கிக்கிச்சு. இன்னும் வைக்கோல் ஒட்டிக்கிட்டிருந்த மலையப்பன்தான் தூக்கினாரு!

மறுநாள் பிள்ளைங்க ஆள் பிரிக்க நின்னாங்க. "ராக்கு, நீதான் தலைவி. முதல்ல நீ ஆள் எடு"ன்னாங்க. அப்போ கரைக்குப் பின்னாலேர்ந்து ரெண்டு விரல் மெதுவா எட்டிப் பாத்துச்சு. ஒவ்வொண்ணும் உலக்கை தண்டி. "பழம்..."னு ஒரு குரல்.

"எனக்குப் பூதம்!"னு குதிச்சா ராக்கு.

"அது ஒப்புக்குச் சப்பாணியா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"என் ஆட்டத்துல ஒப்புக்குச் சப்பாணின்னு யாருமே கிடையாது. எல்லாரும் கணக்கு"ன்னா.

தண்ணி வயலுக்குப் போச்சு, பூதம் ஆட்டத்துக்குப் போச்சு, கதையும் முடிஞ்சு போச்சு. எங்கே, ம் சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா, தங்கம்? சரி, தூங்கு.