பூரணம் வச்ச மழை லில்லி

"கோடை மழை பெஞ்சும் பூக்கல தாயி. நான் செஞ்ச பாவம்தான்."

பிச்சாண்டி மடத்து முற்றத்தில் தொட்டியை இறக்கி வைத்தார். ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் கொடி காட்டியவர், வயது எழுபது. மடத்துத் தாயார் மங்கையர்க்கரசிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் சீடர் இவர்தான். ஞானம் என்ன நரையைப் பார்த்தா வருகிறது?

"யார் வச்ச செடி?"

"எம் பொண்டாட்டி பூரணம். போன வைகாசியில போய்ச் சேந்துட்டா. முதல் திதிக்கு இந்தப் பூவைத்தான் படத்துக்கு வைக்கணும்னு கெடக்கேன்."

"தண்ணி?"

"தெனமும் ரெண்டு வேளை. ஒரு நாள் தப்புனதில்ல."

"அதுல என்ன பாவம்?"

பிச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பொறந்த வீட்டுக்குப் போவா. ஒரு மாசம் கழிச்சு, மழை பெஞ்சப்புறம்தான் திரும்புவா. வாசல்ல லில்லி பூத்துக் குலுங்கும். 'நல்லா பாத்துக்கிட்டீங்களே'ம்பா. மொகமெல்லாம் சிரிப்பு. நான் ஒரு செம்புத் தண்ணி ஊத்தினதில்ல தாயி. அதைச் சொல்லவுமில்ல. முப்பது வருஷப் பொய்."

தாயாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க பொறந்த வீட்டுக்குத்தான் போயிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு ஒரு மாசம் இருங்க. செம்பைத் தொடக் கூடாது."

சும்மா இருப்பது லேசா? இலை மஞ்சளாகிச் சாய்ந்த அன்று பிச்சாண்டி அழுதேவிட்டார். ஆனால் செம்பைத் தொடவில்லை.

வைகாசியில் இடியோடு கொட்டித் தீர்த்தது மழை. நாலாம் நாள் காலையில் மடத்துக்கு ஓடி வந்தார்.

"பூத்துட்டு தாயி! எண்ணி இருபத்தேழு! நாளைக்குத் திதி. படத்து முன்னால நின்னு உண்மையைச் சொல்லிரப் போறேன்."

"தாராளமா சொல்லுங்க. இந்த லில்லி காஞ்சு கெடந்தாத்தான் மழைக்குப் பூக்கும். எனக்கு ஒரு சந்தேகம். வாசல்ல வேற என்ன செடி வச்சிருந்தாங்க?"

"துளசி, ரோஜா, கனகாம்பரம்... வரிசையா வச்சிருப்பா."

"கொடை முடிஞ்சு வரும்போது அதெல்லாம் எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? தண்ணி இல்லாம ஒண்ணு விடாம கருகிப் போய்..."

பிச்சாண்டியின் வாய் பாதியில் நின்றது.



அப்படியே முற்றத்தில் உட்கார்ந்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அடி கள்ளி!"