செங்கமலத்தின் உப்புத்தண்ணீர்

மேலநத்தம் பண்ணையார் ராஜரத்தினத்துக்குக் குத்தகைக்காரி செங்கமலத்தை நிலத்தைவிட்டுக் கிளப்ப வேண்டும். சொல்ல ஒரு காரணம்தான் கிடைக்கவில்லை. ஒருநாள் ஊரைக் கூட்டி, ஒரு மூட்டை விதைநெல்லை அவள் முன்னால் இறக்கச் சொன்னார்.

"இதை விதை. அதே நாள் நானும் விதைக்கிறேன். இருபதாம் நாள் உன் நாத்து என் நாத்து உயரத்துக்கு நிக்கணும். நிக்கலேன்னா உன் கை ராசியில்லாத கை. நிலத்தை விட்டுடணும்."

செங்கமலம் ஒரு பிடி அள்ளினாள். கையில் கனமே இல்லை. தூற்றும்போது ஒதுங்கிய நெல், ஏறக்குறைய எல்லாமே பதர்.

"உயரம் மட்டும் போதுமாங்க?"

"அதுக்கே நீ முக்கணும்."

வீட்டுக்கு வந்தவள் அண்டாத் தண்ணீரில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரைத்தாள். மூட்டையைக் கொட்டினாள். மிதந்ததையெல்லாம் அரித்துக் கூடைகளில் போட்டாள். அடியில் தங்கியது ஒரே படி. எல்லாம் கனத்த மணி.

"வயித்துல சோறு உள்ளதுதான் எழுந்து ஓடும்" என்றபடி நல்ல தண்ணீரில் அலசி, சின்னப் பாத்தியில் விதைத்தாள்.

இருபதாம் நாள் பண்ணையார் நாற்று ஒரு சாண். செங்கமலத்தின் நாற்று அதைவிட ஒரு விரற்கடை கூடுதல்.

"விதையை மாத்திட்டா," என்று பண்ணையார் பாய்ந்தார். "நான் குடுத்த பதர்ல இது எப்படி முளைக்கும்?"

ஊர் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

செங்கமலம் கூடைகளை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"மாத்தலைங்க. மிதந்த பதர் பூரா இங்கே இருக்கு. கொண்டுபோய் உங்க ராசியான கையால முளைக்க வைங்க. எனக்கு நிலத்துல வேலை கெடக்கு."